கடலைக் கடக்க இயலாதபோது

கடல் கடந்து செல்லும் ஆவல் தமிழர்க்குப் புதிதன்று. இன்று அது ஏறக்குறைய எல்லா இல்லங்களிலும் குடியிருக்கிறது. மேற்படிப்பு, வேலை, அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளைப் பார்த்து வருதல், உலகைக் காணும் விருப்பம் எனக் காரணங்கள் பல. ஆயினும் ஆவலுடைய அனைவர்க்கும் பயணம் வாய்ப்பதில்லை. படுக்கையில் இருக்கும் தாயை விட்டு அகல முடியாத மகள், விசா மறுக்கப்பட்ட மாணவன், கடன் தீரும்வரை ஊரை விட்டு நகர இயலாத குடும்பத் தலைவர், நீண்ட பயணம் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்ட முதியவர் ஆகியோருக்கு வீட்டிலிருப்பது ஒன்றே வழி. 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை நம் நாட்டில் வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தபோது இந்நிலை பலருக்கும் பொதுவாயிற்று.

இத்தகைய வேளையில் இருவகை அறிவுரைகள் நம் செவியில் விழும். "ஆசையே துன்பத்துக்குக் காரணம், அதை விட்டுவிடு" என்பது ஒன்று. "மனம் தளராதே, என்றாவது போகலாம்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பாதி உண்மைகளே. சுவாமி விவேகானந்தர் 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறி உலகின் மறுகோடிக்குச் சென்றார். பகவான் ரமணரோ 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தபின், 1950 ஏப்ரல் 14 அன்று உடலை நீக்கும்வரை அத்தலத்தை விட்டு அகலவேயில்லை. எனவே செல்வதில் தானாக ஓர் உயர்வு வந்துவிடாது. தங்குவதில் ஒரு தாழ்வும் இல்லை. செல்ல இயலாதபோது அந்த ஆவலை நாம் என்ன செய்கிறோம் என்பதே சிந்திக்க வேண்டியது.

இதைக் கற்பதற்கு அந்தமான் தீவுகளின் வரலாறு நல்லதொரு பாடநூல். கடலைக் கடக்க வழியின்றி அங்கே பல்லாயிரம் பேர் வாழ்ந்தனர். அவர்கள் ஏங்கியது அயல்நாட்டுக்காக அன்று. கடலுக்கு அப்பால் இருந்த சொந்த ஊருக்காக. கைதியின் துயரத்தையும் நம் ஏமாற்றத்தையும் சமமாக எண்ணுவது தகாது. ஆனால் 'இங்கே இல்லை, அங்கே இருக்கிறது' என்று துடிக்கும் மனத்தின் இயல்பு இரண்டிலும் ஒன்றுதான். பெரிய எழுத்தில் எழுதியதைப் படித்தபின் சிறிய எழுத்தும் விளங்கும்.

இல்லாத பாதை

1857ஆம் ஆண்டுப் புரட்சி ஒடுக்கப்பட்டபின், 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கரின் பொறுப்பில் இருநூறு கைதிகள் அந்தமானில் இறக்கப்பட்டனர். போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இடம் அது. வந்த சில வாரங்களிலேயே கைதிகள் கூட்டங்கூட்டமாகத் தப்பியோடத் தொடங்கினர். காட்டைக் கடந்து சில நாள் நடந்தால் பர்மாவை அடைந்துவிடலாம், அங்குள்ள அரசர் நம்மை ஏற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கை அவர்களிடையே பரவியிருந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலிருந்து பர்மாவுக்கு நடைபாதை ஏது? பசியாலும் காட்டுவாசிகளின் அம்புகளாலும் பலர் மாண்டனர். பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார்.

அவ்வாறு ஓடியவர்களுள் ஒருவன் தூத்நாத் திவாரி என்னும் சிப்பாய். உடன் வந்தவர்கள் மடிய, காயத்துடன் பிழைத்த அவனை அந்தமான் பழங்குடியினர் தம்முடன் வைத்துக்கொண்டனர். அவர்களோடு ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தான். அவர்களுள் மணமும் செய்துகொண்டான். தம் காடுகள் அழிக்கப்படுவதைப் பொறாத அம்மக்கள் 1859 மே மாதம் குடியேற்றத்தைத் தாக்க அணிதிரண்டனர். தூத்நாத் முன்னதாகவே ஓடிச் சென்று ஆங்கிலேயரை எச்சரித்துவிட்டான். அபர்தீன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் வில்லும் அம்பும் துப்பாக்கியின் முன் தோற்றன. தூத்நாத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவன் தாயகம் திரும்பினான்.

அவன் மட்டும் ஊர் சேர்ந்தான். ஆனால் தனக்கு உணவளித்தவர்களையே அதற்கு விலையாகக் கொடுத்தான். இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. விவேகம் துணை நில்லாத ஏக்கம், இல்லாத பாதையை இருப்பதாகக் காட்டும். அடங்காத ஏக்கம், அருகில் இருப்பவரைப் படிக்கல்லாக மிதிக்கத் துணியும்.

நினைவிலிருந்து எழுந்த நூல்

அதே காலத்தில் அதே தீவில் மற்றொருவரும் கைதியாக இருந்தார். காகோரியைச் சேர்ந்த முஃப்தி இனாயத் அஹ்மத் என்னும் அறிஞர் அவர். புரட்சியில் பங்கு கொண்டதற்காக நாடு கடத்தப்பட்டவர். அங்கே அவரிடம் நூல்கள் இல்லை, நூலகமும் இல்லை. தாம் கற்றிருந்ததை நினைவிலிருந்து திரட்டி, அரபு மொழியின் சொல்லிலக்கணம் பற்றி 'இல்முஸ் ஸீகா' என்ற நூலை எழுதினார். நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மதரஸாக்களில் அது பாடமாக உள்ளது.

அவருடைய வரலாற்றில் வியப்புக்குரிய மற்றொரு செய்தியும் சொல்லப்படுகிறது. சிரியா நாட்டு அறிஞர் அபுல் ஃபிதா பதினான்காம் நூற்றாண்டில் இயற்றிய 'தக்வீமுல் புல்தான்' என்னும் நூலை ஓர் ஆங்கில அதிகாரிக்காக அவர் மொழிபெயர்த்தார் என்றும், அதுவே அவரது விடுதலைக்குக் காரணமாயிற்று என்றும் கூறுவர். உலக நாடுகளின் அமைவிடங்களை விளக்கும் புவியியல் நூல் அது. ஒரு தீவைத் தாண்டி அடியெடுத்து வைக்க முடியாதவரின் கையில் உலகம் முழுவதும் இருந்தது!

விடுதலை பெற்ற அவர் கான்பூரில் கல்விப் பணி செய்தார். பின்னர் ஹஜ் பயணம் புறப்பட்டார். 1863இல் ஜித்தாவுக்கு அருகே கப்பல் மூழ்கி உயிர் நீத்தார். வாழ்நாளின் பெரும் பயணத்துக்கு அவர் காத்திருந்தார், அது முடிவுறவில்லை. காத்திருந்த நாட்களில் செய்த பணியோ இன்றும் பயன் தருகிறது. "போனபின் தொடங்குவேன்" என்று அவர் ஒத்திவைத்திருந்தால் நமக்கு எதுவும் கிடைத்திராது.

முகம் காணாத அறைகள்

1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது செல்லுலார் சிறை. ஏழு கிளைகள், ஏறத்தாழ எழுநூறு தனியறைகள். ஒவ்வோர் அறையும் பதின்மூன்றரை அடி நீளம், ஏழு அடி அகலம். எட்ட முடியாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் பின்புறத்தை நோக்கியிருந்ததால், கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாது.

1932 முதல் அரசியல் கைதிகள் மீண்டும் அங்கு அனுப்பப்பட்டனர். மனிதருக்குரிய நடத்தை வேண்டி 1933 மே மாதம் அவர்கள் உண்ணாநோன்பு தொடங்கினர். வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் துறந்தனர். அதன்பின் விளக்கும் நூல்களும் செய்தித்தாள்களும் அனுமதிக்கப்பட்டன. உடனே சிறை ஒரு கல்விக் கூடமாயிற்று. கற்றவர் கல்லாதவருக்கு வரலாறும் பொருளியலும் மொழியும் கற்பித்தனர்.

படிப்பு அமைந்துவிட்டது என்று அவர்கள் தாயகத்தை மறந்துவிட்டார்களா? இல்லை. தங்கள் விடுதலையையும், தாய்மண்ணுக்குத் திரும்பும் உரிமையையும் கோரி 1937 ஜூலையில் மீண்டும் உண்ணாநோன்பு இருந்தனர். மகாத்மா காந்தியும் கவி ரவீந்திரநாத் தாகூரும் அவர்களுக்காகக் கவலை தெரிவித்தனர். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் அந்தமானிலிருந்து தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கே ஏற்றலும் முயற்சியும் கைகோத்து நிற்பதைக் காண்கிறோம். இன்றைய நாளை வீணாக்காமல் கற்றனர். நியாயமற்ற தடையை நியாயம் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. மேலும், தூத்நாத் தனக்கு மட்டும் வழி தேடினான். இவர்கள் அனைவருக்கும் சேர்த்தே கேட்டனர். மனநிறைவு என்ற பெயரில் அநீதிக்கு அடங்குவது ஆன்மிகமாகாது.

அதே மண்

நன்னடத்தை கொண்ட சாதாரணக் கைதிகளுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் நிலம் கொடுத்து, உழைத்துப் பிழைக்க அனுமதிக்கும் முறை அந்தமானில் இருந்தது. பெண் கைதிகளை மணந்து குடும்பம் அமைக்கவும் இசைவு தரப்பட்டது. வெவ்வேறு மாநிலம், மொழி, சாதி, சமயம் சார்ந்தவர்கள் அவ்வாறு இணைந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்களைத் தீவில் 'லோக்கல் பார்ன்' என்று அழைப்பர். 1945இல் தண்டனைக் குடியேற்றம் முடிவுக்கு வந்தபோது, விரும்பியோர் தாயகம் திரும்ப வழி செய்யப்பட்டது. பலர் திரும்பினர். பலர் அங்கேயே தங்கினர். அது அவர்களுக்கு வீடாகிவிட்டிருந்தது.

ஒரே மண் பழங்குடியினருக்குத் தொன்மையான இல்லம். கைதிக்குக் கறுப்பு நீருக்கு அப்பாலுள்ள அந்நியம். அவன் பேரனுக்குப் பிறந்த ஊர். மண் மாறவில்லை. அதில் ஊன்றிய உழைப்பும் உறவும் அதை வீடாக்கின.

நமக்குரிய பயிற்சி

முதலாவது, ஏக்கத்தை ஆராய்வோம். அயல்நாட்டில் நாம் நாடுவது என்ன? அறிவா, பொருளா, மதிப்பா, அல்லது இங்குள்ள ஒரு மனக்கசப்பிலிருந்து தப்புவதா? அதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. தப்பித்தல்தான் நோக்கம் என்றால் அது பர்மாவுக்கான காட்டுப்பாதை. எங்கு சென்றாலும் நம் மனம் நம்முடனேயே வரும்.

இரண்டாவது, நாடும் பொருளில் எந்தப் பகுதியை இங்கேயே இன்றே தொடங்கலாம் என்று பார்ப்போம். மொழியைக் கற்க விசா வேண்டுவதில்லை. நூலும் நல்லாசிரியரும் நம் ஊரிலும் உண்டு.

மூன்றாவது, நேர்மையான முயற்சியைக் கைவிட வேண்டா. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மீண்டும் அளிக்கலாம். கடனைத் திட்டமிட்டு அடைக்கலாம்.

நான்காவது மிக முக்கியமானது. நோயுற்ற தாயைப் பேணும் மகளின் உள்ளத்தில், அவளறியாமலே ஒரு மாற்றம் நிகழக்கூடும். தாய் மெல்ல மெல்லச் சிறைக் காவலராகத் தோன்றத் தொடங்குவாள். கைகள் மருந்து கொடுக்கும்; மனமோ அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். இதை அடக்கி வைத்தால் அது நஞ்சாகும். "எனக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது, நான் தங்க முடிவு செய்திருக்கிறேன்" என்று தனக்குத் தானே தெளிவாகச் சொல்லிக்கொள்வதும், சுமையைப் பகிருமாறு உடன்பிறந்தாரைத் தயங்காமல் கேட்பதும் அவளுக்கு உரியவை. கட்டாயத்தால் தங்குபவர் கைதியாகிறார். தாமே தேர்ந்து தங்குபவரின் செயல் ஸ்வதர்மமாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும். உள்ளே இருக்கும் வேறுபாட்டைத் தாயின் கண்கள் அறியும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நான் போக விரும்பும் இடத்தில் எனக்குக் கிடைக்கும் என்று எண்ணுவது எது? அதில் எது உண்மை, எது வெறும் கேள்விப்பட்ட செய்தி?

2. "போனபின் செய்வேன்" என்று நான் ஒத்திவைத்திருக்கும் பணி ஒன்று உண்டா?

3. என்னைத் தடுப்பவராக நான் கருதும் ஒருவர், உண்மையில் என்னைத் தாங்குபவரா?

4. என் தடைகளில் பொறுமையாக ஏற்க வேண்டியவை எவை? முயன்று நீக்க வேண்டியவை எவை?