டையோடு வந்தது, டைனமோ போனது

கேள்வி: பழைய கார்களில் டைனமோ இருந்த இடத்துக்கு ஆல்டர்னேட்டர் எப்போது, ஏன் வந்தது?

பதில்: 1912 மாடல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை அதோடு குறையத் தொடங்கியது. ஆனால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தர யாராவது வேண்டுமே? அந்த வேலையை அரை நூற்றாண்டுக்கு டைனமோ பார்த்தது.

டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். அது முழுவதும் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வேகமாகச் சுழற்றினால் ஆர்மேச்சரின் கம்பிச்சுற்று பிய்ந்துவிடும் என்பதால் நிதான வேகத்திலேயே ஓட்டினார்கள். விளைவு, எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது சார்ஜ் கிட்டத்தட்ட இல்லை. மழை இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு நெரிசலில் நின்றால் பேட்டரி கரைந்துகொண்டே போகும்.

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. உள்ளே சுழல்வது சிறு மின்காந்தம் மட்டுமே. பிரஷ் வழியே அதற்குப் போவது சில ஆம்பியர்தான். பெரிய மின்சாரம் அசையாத ஸ்டேட்டர் சுற்றிலிருந்து வருகிறது. அதனால் எஞ்சினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டலாம், ஐடிலிலும் சார்ஜ் கிடைக்கும். ஒரே சிக்கல், வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு அது ஆகாது.

மாறுதிசை மின்சாரம் புதிதல்ல. 1832-ல் ஹிப்போலைட் பிக்ஸி பாரிசில் செய்த கைச்சுழற்சி இயந்திரம் அதைத்தான் தந்தது. ஆனால் அதை அடக்கமான அளவில் நேர்மின்சாரமாக்கும் பொருள் கார்களுக்கு வாய்க்கவில்லை. 1940-களில் அமெரிக்கப் போலீஸ் கார்கள் போன்ற சில வண்டிகளில், இடத்தை அடைக்கும் செலீனியம் தகடுகளை வைத்துச் சமாளித்தார்கள். 1950-களில் வந்த சிலிக்கான் டையோடு வழியைத் திறந்தது. சிறியது, எஞ்சின் அருகிலிருக்கும் சூட்டைத் தாங்கக்கூடியது. 1960 மாடல் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அந்தப் பத்தாண்டுக்குள் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். நம் ஊர் அம்பாசடரும் ஆரம்பத்தில் டைனமோவோடு ஓடியதுதான்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? செய்யலாமா?

பதில்: அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் செய்யவே கூடாது. பேட்டரியை உருவிய கணத்தில் மின்னழுத்தம் எகிறும்; டையோடும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் கருகலாம். நல்ல ஆல்டர்னேட்டரையே கொன்றுவிடும் சோதனை இது.

மல்டிமீட்டர் ஒன்று போதும். எஞ்சின் அணைந்திருக்கும்போது, நிறைந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைக் கிளப்பிச் சற்றே ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 12-லேயே நின்று இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும். இரவு நிறுத்திய கார் காலையில் செத்துக் கிடந்தால், ஒழுகும் டையோடும் காரணமாக இருக்கலாம்.

உடனே புது ஆல்டர்னேட்டர் வாங்க ஓட வேண்டாம். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், டெர்மினலில் உப்புப் பூத்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பல பழைய கார்களில் டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. சாவியைத் திருப்பியதும் அந்த பல்பு எரியவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். சில ரூபாயில் வேலை முடிந்துவிடலாம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். (சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாடியோடு இணைந்திருப்பது பிளஸ்; அங்கே அதையே முதலில் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரை மாட்டுமுன் இதை உறுதி செய்யாவிட்டால் டையோடுகள் நொடியில் போய்விடும்.) எந்த வயர் எங்கே என்று குறித்துக்கொண்டு பிரியுங்கள். புதியதன் புல்லி பழையதன் அளவிலேயே இருக்கட்டும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும். காலியான பேட்டரியை வெளியே சார்ஜ் செய்தபின் மாட்டுங்கள், புது ஆல்டர்னேட்டரை அதற்காக வாட்ட வேண்டாம். கடைசியாக ஹெட்லைட்டைப் போட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் வண்டியை எடுக்கலாம்.