மேற்பார்வையாளரும் ஓர் ஆசிரியரே

நன்னூலார் தம் பொதுப்பாயிரத்தில் நூலினது இயல்பை மட்டும் கூறியமையாது, ஆசிரியன் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கன் இயல்பு, பாடங்கேட்கும் முறை என்பனவற்றையும் வகுத்துரைத்தார். கல்விக்கூடத்திற்கு அவர் கூறிய இலக்கணம் தொழிற்கூடத்திற்கும் பொருந்துமாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிவகாசிப் பட்டாசுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியன கலந்த மருந்து, உராய்வினாலோ சிறு பொறியினாலோ உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தினாலோ கணத்தில் தீப்பற்றும். ஆதலின் மருந்தறையில் இரும்புக் கருவி ஆகாது. செயற்கை இழையாடை ஆகாது. அளவிற்கு மிஞ்சிய ஆளும் மருந்தும் ஆகா. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தொழிலில் பிழையின் விலை உயிரே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவ்விதிகளை ஒரு நாட் சொற்பொழிவில் எவரும் சொல்லிவிடலாம். கேட்டோர் திரும்பச் சொல்லவும் கூடும். ஆயினும் நன்னூலார் கிளியைத் தலைமாணாக்கர்க்கு உவமையாக்கினாரல்லர், இடைமாணாக்கர்க்கே ஆக்கினார். சொன்னதைச் சொல்லுதல் வேறு; கை தானே விதிவழி இயங்குதல் வேறு.

அமெரிக்கராகிய சார்லஸ் ஆலன் என்பார் 1919-இல் வெளியிட்ட நூலில், தொழில் கற்பித்தலை நான்கு படிகளாக வகுத்தார். கற்போன் மனத்தை ஆயத்தஞ் செய்தல், செய்து காட்டுதல், அவனைக் கொண்டே செய்வித்தல், சோதித்தறிதல் என்பன அவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டு அரசாங்கம் நடத்திய தொழிலகப் பயிற்சித் திட்டம், இத்தகைய முறையை மேற்பார்வையாளர்க்கே கற்பித்து, அவர்வழித் தொழிலாளரிடம் பரப்பிற்று. அது தக்கதே. பயிற்சியளிக்க வருவோர் வந்து போவர். போர்மேன் என வழங்கப்பெறும் மேற்பார்வையாளரோ நாடோறும் உடனிருப்பவர்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. எண்ணிக்கைக்குக் கூலி பெறுவார்க்கு விரைவே வருவாய். தீபாவளி நெருங்குங்கால் முதலாளியும் விரைவையே வேண்டுவர். அப்போது ஒரு தொழிலாளி அளவிற்கு மிஞ்சிய மருந்தை அருகில் வைத்துக்கொள்கின்றார் என்க. மேற்பார்வையாளர் அதனைக் கண்டும் காணாதார் போற் செல்வராயின், விதி சுவரில் எழுதுதற்கே உரியது என்பதனை அறையிலுள்ளார் அனைவரும் கற்றுக்கொள்வர். நூறு பாடங்களால் விளைந்த பயனை அவ்வொரு மௌனம் அழித்துவிடும்.

எனவே, வேலையை நிறுத்தும் அதிகாரத்தையும் அவர்க்கு அளித்தல் இன்றியமையாதது. 1984-இல் நேர்ந்த போபால் விபத்திற்குப்பின், 1987-இல் திருத்தப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், பயிற்சியையும் மேற்பார்வையையும் ஒருங்குசேர்த்துத் தொழிற்சாலை நடத்துவோர் கடமையாக்கியது. இரண்டும் பிரிக்கலாகாதன என்பதே அதனாற் பெறப்படும் உண்மை.

பகைவர் வரக் கண்டும் வாளாவிருந்த காவற்காரனிடத்தே மாண்டோரது இரத்தப்பழி கேட்கப்படும் என்பது எசேக்கியேல் தீர்க்கதரிசியின் கருத்து. நம் கல்லூரியிற் பயின்று நாளை தொழிற்கூடங்களிற் பிறரை நடத்தும் பொறுப்பேற்கும் அன்பர்கள் இதனை உளங்கொள்வாராக.