தோட்டக் குளத்துக் கசிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹாலோ பிளாக் எனப்படும் உள்ளீடற்ற சிமென்ட் கற்களால் கட்டப்பட்ட தோட்டக் குளமோ நீரூற்றுத் தொட்டியோ கசியத் தொடங்கினால், நீர் எங்கே, எதனால் வெளியேறுகிறது என்று அறிவதற்கு முன்பே பூச்சு வாங்கிவரும் வழக்கம் பரவலாக உள்ளது. அதற்குத் துணைநிற்கும் நம்பிக்கைகள் சில கீழே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை: நீர்மட்டம் இறங்கினாலே குளம் கசிகிறது.

உண்மை: கோடையில் வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கிவிடும், நீரூற்று ஓடினால் சிதறலாலும் நீர் குறையும். ஆகவே நீரூற்றை நிறுத்திவிட்டு, நீர் நிரப்பிய வாளியொன்றைக் குளத்துக்குள் வைத்து, வாளியின் நீர்மட்டத்தையும் குளத்தின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குப் பின் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியாதல். குளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்த வேறுபாடே கசிவு. நீரூற்று ஓடும்போது மட்டும் இழப்பு மிகுமானால், குழாய்களையும் சிதறலையுமே முதலில் ஐயுற வேண்டும். கசியும் குளத்தை மீண்டும் நிரப்பாமல் விட்டால், நீர் எந்த உயரத்தில் இறங்காமல் நிற்கிறதோ, பெரும்பாலும் அந்த உயரத்தை ஒட்டியே ஓட்டை இருக்கும்.

நம்பிக்கை: வெளிச்சுவரில் ஓதம் தெரியும் இடத்தில் பூசினால் போதும்.

உண்மை: கற்களின் உட்குழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்வதால், மேல்வரிசையில் நுழையும் நீர் சுவருக்குள்ளேயே இறங்கி அடிவரிசையில் வெளிப்படக்கூடும். மேலும், 1 மீட்டர் ஆழத்தில் நீர் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1 டன் எடைக்கு நிகராக அழுத்துகிறது. இவ்வழுத்தம் வெளிப்பூச்சைச் சுவரிலிருந்து பெயர்த்துத் தள்ளுகிறது, உட்பூச்சையோ சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. எனவே குளத்தை வற்றவைத்து உட்புறத்தில் பூசுவதே முறை.

நம்பிக்கை: சிமென்ட் கூடுதலாகச் சேர்த்துத் தடிமனாகப் பூசினால் கசிவு நிற்கும்.

உண்மை: சிமென்ட் மிகுந்த கலவை உலரும்போது கூடுதலாகச் சுருங்கிப் புதிய விரிசல்களை உண்டாக்கும். கசிவு பெரும்பாலும் தொடங்குவது தரையும் சுவரும் சேரும் மூலையிலும் குழாய் நுழையும் துளையிலுமே ஆகும். மூலையில் 45 பாகைச் சரிவாகக் கலவை வைத்து, அதன்மேல் இழைவலை பதித்து, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை, அதாவது உலர்ந்தபின் ஓரளவு வளைந்துகொடுக்கும் பூச்சை, நனைத்துத் துடைத்த பரப்பில் ஒன்றுக்கொன்று குறுக்குத் திசையில் இரண்டு முறை அடிப்பது பயனளிக்கும். வழவழப்பான பிவிசி குழாயில் சிமென்ட் சரியாகப் பற்றாது என்பதால், அதைச் சுற்றிக் குழி வெட்டி, ரப்பர்போல் நெகிழும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். அடித்தளம் இறங்கிக்கொண்டிருந்தால் எந்தப் பூச்சும் நீடிக்காது. அத்தகைய குளத்துக்கு நெகிழும் ரப்பர் விரிப்பே ஏற்றது.

நம்பிக்கை: பெயின்ட் எதுவானாலும் நீரைத் தடுக்கும்.

உண்மை: சிமென்ட்டின் காரத்தன்மை ஈரத்தோடு சேர்ந்து எண்ணெய் பெயின்ட்டைச் சிதைத்து உரியச் செய்கிறது. மொட்டைமாடிப் பூச்சுகள் பல, மழைநீர் வழிந்தோடுவதற்கென உருவாக்கப்பட்டவை. நீருக்குள் எப்போதும் மூழ்கியிருக்கத் தகுந்தது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட பூச்சையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம்பிக்கை: விரிசல் நாளடைவில் தானே அடைந்துவிடும்.

உண்மை: இதில் ஓரளவு உண்மை உண்டு. மயிரிழை போன்ற, அசையாத விரிசலில், நீர்பட்ட சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வழியை அடைக்கக்கூடும். அகன்ற விரிசலிலும், வெப்பத்தால் விரிந்து சுருங்கும் விரிசலிலும் இது நிகழாது.

நம்பிக்கை: பூச்சு காய்ந்ததும் மீன் விடலாம்.

உண்மை: புதிய சிமென்ட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் பிஎச் அளவை, அதாவது அமில காரத்தன்மையைக் காட்டும் எண்ணை, மீனுக்குத் தீங்காகும் அளவுக்கு உயர்த்தும். குளத்தை நிரப்பிச் சில நாள் வைத்து வடிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து, அளவு 8.5-க்குக் கீழே நிலைபெற்ற பின்னரே மீன்களை விட வேண்டும்.