பிள்ளை வரம் வேண்டுவோர் உண்ணும் மருந்துகள்

ஐப்பசி மாதத்தில் ஆறு நாட்கள் கந்தசஷ்டி விரதம் நோற்கும் பெண்களிற் பலர் பிள்ளை வரம் வேண்டியே காப்புக் கட்டுகிறார்கள். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்ற பழமொழிக்கு, சஷ்டி விரதமிருந்தால் கருப்பையிலே பிள்ளை வரும் என்று பொருள் சொல்வது எம்மவர் வழக்கம். தமிழ்நாட்டிலே திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய்ப் பிரசாதம் கொடுக்கிறார்கள். அதைக் கணவனும் மனைவியும் 48 நாட்கள் உண்ண வேண்டும் என்பது அங்குள்ள முறை. கணவனும் என்பதைக் கவனியுங்கள்.

விரதத்தோடும் பிரசாதத்தோடும் எனக்கு வழக்கில்லை. ஆஸ்பத்திரிக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் விரத நாட்களை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தபடி பாலும் பழமும் எடுத்துக்கொண்டால் போதும். என் கவலை பொதியில் வரும் மருந்தைப் பற்றியது.

லண்டனில் பிள்ளையில்லாத ஒரு பெண்ணுக்கு ஆலோசனைக்குக் குறைவில்லை. ஊரிலிருந்து வருவோர் கையில் மாமியார் சூரணம் கொடுத்தனுப்புகிறார். வெம்பிளிக் கடையில் லேகியம் கிடைக்கிறது. வேலைத்தலத்துச் சிநேகிதி அக்குபங்சருக்கு அழைக்கிறாள். ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை நடக்கிறது. நான்கும் ஒரே மாதத்தில், ஒரே உடம்பில். வைத்தியருக்குத் தெரிந்ததோ கடைசியானது மட்டும். ஏளனம் செய்வார் என்ற பயம் ஒரு பக்கம். பிள்ளையில்லை என்பதையே மறைத்து வாழும் வெட்கம் மறு பக்கம்.

சாத்தாவாரிக் கிழங்கு, அசோகப்பட்டை, மலைவேம்பு ஆகியவை எம் பரியாரிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. ஆகவே எல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் இவற்றால் பிள்ளைப்பேறு கூடும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. அக்குபங்சரைச் சோதித்திருக்கிறார்கள். சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை பெற்ற 848 பெண்களிடம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், உண்மை ஊசிக்கும் பாவனை ஊசிக்கும் பிள்ளைப்பேற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

"எனக்குப் பலித்ததே" என்பார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்கை ஒருமுறை பாருங்கள். 40 வயதுக்குட்பட்ட பெண்களைக் கொண்ட தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோருக்கு முதலாம் ஆண்டிலேயே கரு தங்குகிறது. மிஞ்சியவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில், எந்த மருந்துமின்றியே தங்குகிறது. அந்த இரண்டாம் ஆண்டில் எதைக் குடித்தார்களோ அதன் பெயரிலே வரவு பதிவாகிவிடுகிறது. (என் தொழிற்புத்தி அப்படி!)

பலிக்காவிட்டாலும் கெடுதல் செய்யாதே என்று எண்ணுவதற்கும் இடமில்லை. மூலிகை வேறு, பற்பம், செந்தூரம் வேறு. பின்னவற்றில் இரசம், ஈயம், பாஷாணம் சேர்வதுண்டு. கைப்பக்குவம் அறிந்தவர் யார், பொட்டலம் கட்டியவர் யார் என்பது விமானமேறி வந்த பொதியில் எழுதியிருப்பதில்லை. பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் இந்த நச்சு உலோகங்கள் இருந்தன. 2011, 2012ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் நகரிலே ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை அவர்கள் உண்டிருந்தார்கள். கரு தங்கவும் ஆண் குழந்தை பிறக்கவும் என்று அவற்றை உண்டவர்களும் அதில் அடக்கம். ஈயம் எலும்பிலே பல வருடம் தங்கி, கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் கலந்து, சிசுவின் மூளையைப் பாதிக்கும். பிள்ளைக்காக உண்ட மருந்தே பிள்ளைக்குக் கேடாகிறது.

ஆகவே சகோதரிகள் ஒரு சிறு கொப்பியில் உண்பதையெல்லாம் திகதியோடு எழுதி, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும். ஏற்கனவே பற்பமோ செந்தூரமோ உண்டிருந்தால் இரத்தத்தில் ஈயம் பார்க்கும்படி கேட்கலாம். மாமிமார் பொதி அனுப்புமுன், மருமகள் வேறென்ன எடுக்கிறாள் என்று ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது. கரு தங்க முயலும் ஒவ்வொரு பெண்ணும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்கவேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடில்லை. அதன் விலையும் சொற்பம்.

இன்னொரு நட்டம் காலம். கருக்குழாய் அடைத்திருந்தால் எந்தக் கஷாயமும் அதைத் திறக்காது. ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும். பெண்ணுக்கு வயது 36 அல்லது அதற்கு மேலென்றால் ஒரு வருடம் காத்திராமலே போகவேண்டும்.

போகும்போது இருவரும் போகவேண்டும். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேரில் ஆணிடமும் குறை இருக்கக்கூடும். அவள் கசப்பெல்லாம் குடித்து முடித்த பின்னும் அவர் ஒரு சோதனைக்கும் போகாதிருக்கும் வீடுகள் எங்களுக்குள் உண்டு. விந்துச் சோதனைக்குக் கத்தியுமில்லை, ஊசியுமில்லை. முதற் சோதனையில் குறை தெரிந்தாற் பதற வேண்டாம். புதிய விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேலாகும் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை சிகரட்டை விட்டு, குடியைக் குறைத்து, இறுக்கமான உள்ளாடையைத் தவிர்க்கும்படி சொல்வார்கள்.