பள்ளிவாசல் இளைஞரும் பல்கலைக்கழக ஆய்வுப் பணிகளும்

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டில் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். அக்குடும்பங்களிலிருந்து அறிவியலில் முதுநிலைப் பட்டம் வரை எட்டுவோர்க்கு அடுத்த படி எது?

கோட்டயத்தில் 1983இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இடுக்கி மாவட்டமும் அடங்கும். உயிர் அறிவியல், வேதியியல், நானோ அறிவியல் ஆகியவற்றில் அங்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன. உதவிப் பேராசிரியர் பணியிடங்களை மட்டுமே எதிர்நோக்கியிருத்தல் பயன் தராது. ஆய்வுத் திட்டப் பணிகளே பலருக்கு முதல் வாயில்; எனினும் திட்டம் முடிந்ததும் பணியும் முடிந்துவிடும். தேசியத் தகுதித் தேர்வின் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர் நிலை இதனினும் உறுதியானது. அத்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அறிவியல் பிரிவுத் தேர்வில் பொருளறிவியலுக்கெனத் தனித் தாள் இல்லை. அத்துறையினர் வேதியியல் அல்லது இயற்பியல் தாளையே எழுத வேண்டும். வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகின்றன. தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்தவர்க்கு இஃது இரட்டைச் சுமை. பாடம் தெரிந்திருந்தும் வினா புரியாமல் மதிப்பெண் இழக்க நேரிடலாம். ஆகவே ஆங்கிலக் கலைச்சொற்களில் பயிற்சியை இளநிலை வகுப்பிலேயே தொடங்குதல் நன்று. முதுநிலை இறுதியாண்டில் பயில்வோரும் இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்.