‘ஹெட்ட’ என்றால் நாளையா, அறுபதா?

ஓடர் எடுக்கிற மேசையில் எனக்கு அது முதல் மாதம். ஒரு கடைக்காரர் தொலைபேசியில் சவர்க்காரம் கேட்டார். ‘ஹெட்ட எவன்ன’ என்று என் காதில் விழுந்தது. நாளைக்கு அனுப்பச் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டேன். மறுநாள் ஒரு பெட்டி போனது. அவர் கேட்டிருந்தது அறுபது பெட்டி, அதுவும் அன்று மாலைக்குள்.

சிங்களத்தில் நாளைக்கும் அறுபதுக்கும் நடுவே ஓர் உயிரொலிதான் வித்தியாசம். நாளையில் வருவது நமக்குப் பழகிய ‘எ’. அறுபதில் வாய் இன்னும் அகலும். இங்கிலீஷ்காரர் கிரிக்கெட் மட்டையை ‘பேட்’ என்கிறபோது வருகிற ஒலி அது. அறுபது வேண்டுமென்றால் கடைசியில் ஒரு ‘க்’ ஒட்டும்; தொலைபேசியில் அது அடுத்த சொல்லோடு கரைந்துவிடும். தமிழில் அந்த உயிருக்கு எழுத்தில்லை. மூளையில் அதற்கென்று தனி அறையும் இல்லை, ஆகவே பக்கத்து அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது. காது கேட்டது, மூளை பிரித்துப் பார்க்கவில்லை.

வெள்ளவத்தையில் நகைக்கடையிலோ, கொட்டாஞ்சேனையில் கப்பல் சரக்கு அனுப்புகிற ஒபிஸிலோ, கோல் சென்டரிலோ வேலை பார்க்கிற தமிழருக்கு இது அன்றாடத் தொல்லை. மூன்று மொழி காதில் விழும். தவறினால் பெயர் கெடும்.

இந்த இடத்தில்தான் ‘ஒலியால் மூளையைக் கூர்மையாக்கும்’ சரக்குகள் உள்ளே நுழைகின்றன. காசு கொடுக்குமுன் கொஞ்சம் வரலாறு. பிரெஞ்சுக் காது டொக்டர் அல்ஃபிரட் டொமாட்டிஸ் (1920-2001) வடிகட்டிய இசையைக் கேட்கவைத்து ‘செவியைப் பழக்கும்’ முறையொன்றைப் பரப்பினார். 1993இல் 36 கல்லூரி மாணவர்கள் சில நிமிடம் மோட்சார்ட் கேட்டபின் இடவடிவக் கணக்குகளைச் சற்று நன்றாகச் செய்தார்கள் என்று ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்த ஊக்கம் சில நிமிடங்களில் போய்விட்டது. ‘மோட்சார்ட் கேட்டால் அறிவாளி’ என்ற வியாபாரம்தான் நிலைத்தது. பேச்சொலியை இழுத்து மெதுவாக்கிக் கேட்கவைக்கும் ‘ஃபாஸ்ட் ஃபோர்வர்ட்’ கணினிப் பயிற்சிக்கு 1996இல் ‘சயன்ஸ்’ இதழிலேயே வரவேற்பு. 2011இல் அதன் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பிள்ளைகளின் பேச்சுக்கோ வாசிப்புக்கோ பயன் காட்டுவதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்றார்கள்.

அப்படியானால் செவிப் பயிற்சியே பொய்யா? இல்லை. எதைப் பழக்குகிறீர்களோ அதில்தான் தேர்ச்சி வரும், அவ்வளவுதான் விஷயம்.

நம்பத்தக்க உதாரணம் ஜப்பானியரிடம் இருக்கிறது. ‘ர’, ‘ல’ இரண்டும் அவர்கள் காதுக்கு ஒன்று. 1991இல் அமெரிக்காவில் லோகன், லைவ்லி, பிசோனி என்ற மூவர், ஒரு சில ஜப்பானியரை மூன்று வாரம் உட்காரவைத்தார்கள். பல பேருடைய குரலில் சொற்கள் வரும். இதுவா அதுவா என்று அமுக்க வேண்டும். சரியா பிழையா என்பது உடனே தெரியும். சரியான விடை 78 சதவீதத்திலிருந்து 86க்கு ஏறியது. பிற்பாடு ஒரே ஒருவர் குரலில் மட்டும் பழக்கிப் பார்த்தபோது, புதுக்குரல் வந்ததும் பயிற்சி கைகொடுக்கவில்லை. டியூஷன் மாஸ்டரின் சிங்களம் மட்டும் விளங்கி, பஸ் கொண்டக்டரின் சிங்களம் விளங்காமல் போவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

நான் செய்தது இதையேதான், மலிவாக. ஒபிஸில் சிங்களம் பேசுகிற ஆறு பேரிடம் கேட்டு, தொலைபேசியில் பதிந்துகொண்டேன். காலியிலிருந்து வந்த லொறிச் சாரதி, கணக்குப் பிரிவு அக்கா, பெட்டி அடுக்குகிறவர், காவலாளி, அவரவர் தொனியில். நாளை, அறுபது. பிறகு இன்னொரு சோடி: சிங்களத்தில் மலைக்கும் அடிமரத்துக்கும் சொல் கிட்டத்தட்ட ஒன்று, மலையில் ‘ந்’ முழுதாக நிற்கும், அடிமரத்தில் மூக்கொலி தொட்டுவிட்டு ஓடிவிடும். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, இரவுச் சாப்பாட்டுக்குமுன் 15 நிமிடம். கேள், சொல், சரிபார். முதல் வாரம் நாணயம் சுண்டின மாதிரிதான். அடிமரம் இன்னும் பிடிபடவில்லை, அது வேறு கதை. இரண்டாம் வார முடிவில் அறுபது தனியாகத் தெரியத் தொடங்கியது. அதன்பிறகு ஃபேனை முழுவேகத்தில் போட்டுக் கேட்டேன். பிறகு காலி வீதிப் பக்கத்து ஜன்னலைத் திறந்து. அமைதியில் ஜெயித்த காது இரைச்சலில் மறுபடி தோற்கும். அதனால் இரைச்சலைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

செவிப்புலன் குறைந்த பிள்ளைகளோடு வேலை செய்த நோர்மன் ஏர்பர் இதற்கு நான்கு படி வகுத்தார்: ஒலி வந்ததா, இரண்டும் ஒன்றா வேறா, எது அது, என்ன பொருள். நம்மில் பலர் நேரே நான்காம் படியில் நின்று, வசனம் முழுதும் விளங்கவில்லையே என்று வருந்துகிறோம். வழுக்குவது பெரும்பாலும் இரண்டாம் படி.

ஆனால் இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. காதைச் சோதியுங்கள். ‘கேக்குது, ஆனா விளங்கேல்லை’ என்பவருக்கு உயர் அலைவரிசை தேய்ந்திருக்கலாம். ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் மறையும், உயிரொலிகள் உரக்கக் கேட்டுக்கொண்டேயிருக்கும். களுபோவில ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிற கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அரசாங்க ஆஸ்பத்திரி. காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் காசில்லை, கியூவில் பொறுமைதான் செலவு. சிலருக்குக் குறும்பியை எடுத்தாலே பாதிக் கதை முடிந்துவிடும். (கொட்டன் பட்ஸ் உள்ளே விடாதீர்கள், அது குறும்பியை இன்னும் தள்ளி இறுக்கும்.) கேள்திறன் வரைபடத்தில் 20 டெசிபெலுக்குள் நின்றால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சாதாரணம். அதற்கு மேலே போனால் பயிற்சியைத் தள்ளிவையுங்கள். முதலில் டொக்டரும் தேவையானால் காதுக் கருவியும். கருவி போட்டவர்களுக்கான கணினிப் பயிற்சியிலும் அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம்: ‘லேஸ்’ என்ற பயிற்சியை அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் சோதித்து 2016இல் வந்த முடிவு, கருவியோடு அதைச் சேர்த்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை என்பதே.

காதையே தொழிலாக்க விரும்புகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வரி: களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழில் நோயாளியோடு பேசத் தெரிந்தவருக்கு அங்கே போட்டியை விடத் தேவை பெரிது என்பது என் எண்ணம்.

பயிற்சி பலிக்கும்வரை வேலை நிற்காது. அதற்கு விமானிகளிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன முக்கிய எண்ணை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களின் உச்சரிப்பே மாறும்: மூன்று ‘ட்ரீ’, ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’. வானொலி இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகிவிடாமல் இருக்க ஒலியையே செதுக்கியிருக்கிறார்கள். இங்கிலீஷில் 15க்கும் 50க்கும் தடுமாறுகிற நாம் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘ஃபிஃப்ட்டியா?’ என்று கேட்டால் வரும் ‘யெஸ்’ நம்பத்தகாதது. ‘ஒன், ஃபைவ்? ஃபைவ், சீரோ?’ என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். திரும்பக் கேட்டால் மதிப்புக் குறையும் என்று பயந்து தலையாட்டுகிறவரை விட, எழுதியதை வாசித்துக் காட்டுகிறவர் மேலிடத்தில் நம்பிக்கை பெறுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மேசையையும் மாற்றிக் கேளுங்கள். ஏசி இரையும் மூலையில் இருந்துகொண்டு எந்தப் பயிற்சியும் எடுபடாது.

சவர்க்காரக் கடைக்காரர் இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் அழைப்பார். ஆறு மாதமாக அவரிடம் ‘ஹய, பிந்துவ?’ என்று ஆறு, பூச்சியத்தைத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்தேன். போன செவ்வாய் நான் வாயைத் திறக்குமுன் அவரே ‘ஹய, பிந்துவ, மல்லி’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குமுன் அவர் சொன்ன அறுபது எனக்குச் சரியாகவே கேட்டிருந்தது.