லாபம் இருக்கிறது, பணம் எங்கே? எக்ஸெல்லில் ஒரு பாடம்

சொந்தமாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்று வரும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன ஐடியா என்பதை அல்ல. பில் போட்ட பிறகு எத்தனை நாளில் பணம் கைக்கு வரும் என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்ஜினியரிங்கில் நான்கு வருடம் சர்க்யூட்டும் அல்காரிதமும் படித்தோம். பில்லுக்கும் பணத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பற்றி எந்த செமஸ்டரிலும் பாடம் இல்லை.

கல்லூரித் தோழர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். புரோகிராம் எழுதுவதுதான் என் வேலை. ஆனால் எக்ஸெல் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்கு ஃபைலும் என் தலையில் விழுந்தது. சின்னக் கம்பெனிக்குச் சிக்கல்கள் நிறைய உண்டு. நன்றாக வேலை கற்ற பையன் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவான். வாடிக்கையாளர் பாதி வேலையில் மனதை மாற்றிக் கொள்வார். ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைப்பு ஓடும். இதெல்லாம் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் தரும். சம்பளத் தேதி தராது. சம்பளம் பத்து நாள் தள்ளிப் போனால், முதலில் கிளம்புகிறவர் உங்களிடம் இருப்பவர்களிலேயே திறமையானவராகத்தான் இருப்பார். அவருக்குத்தான் வெளியே உடனே வேலை கிடைக்கும்.

எனவே இந்த மாதம், அந்தச் சம்பளத் தேதியை ஆறு மாதத்துக்கு முன்பே எட்டிப் பார்க்கும் ஒரு ஒர்க் ஷீட்டைத் தயாரிப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதையே செய்யலாம். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலிருந்து கேட்டரிங் ஆர்டர் எடுப்பவருக்கும், நான்கு தையல் மெஷின் போட்டு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவருக்கும் இதே ஷீட் பொருந்தும்.

புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். முதல் படுக்கை வரிசையில் பி1 செல்லில் ஏப்ரல் என்று டைப் செய்து, வலப்பக்கமாக எம்1 வரை இழுத்து மார்ச் வரை நிரப்புங்கள். இனி ஏ நெட்டு வரிசையில் தலைப்புகள். ஏ2வில் தொடக்க இருப்பு, ஏ3இல் வரி சேர்க்காத பில் தொகை, ஏ4இல் வங்கிக்கு வந்த பணம், ஏ5இல் மாதச் செலவு, ஏ6இல் ஒரே முறை வரும் செலவு, ஏ7இல் கட்டும் ஜிஎஸ்டி, ஏ8இல் மாத முடிவு இருப்பு.

உதாரணத்துக்கு ஐந்து பேர் கம்பெனி ஒன்றை எடுத்துக் கொள்வோம். எண்கள் எங்கள் கம்பெனியுடையவை அல்ல, கணக்குப் புரிய நான் வைத்துக் கொண்டவை. ஏப்ரல் முதல் தேதி வங்கியில் 4,00,000 ரூபாய். இதை பி2வில் போடுங்கள். மாதம் 2,50,000 ரூபாய்க்கு பில், மாதக் கடைசியில் அனுப்புகிறார்கள். இது மூன்றாவது வரிசை முழுக்க. சம்பளம், வாடகை, கரன்ட், இன்டர்நெட், சர்வர் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,80,000. இது ஐந்தாவது வரிசை முழுக்க. ஆறாவது வரிசை இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

காகிதத்தில் பார்த்தால் மாதம் 70,000 ரூபாய் லாபம். போதாக்குறைக்கு வங்கியில் நான்கு லட்சம். பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

இப்போது ஃபார்முலாக்கள். பி8 செல்லில் =பி2+பி4-பி5-பி6-பி7 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். சி2வில் =பி8. அதாவது ஒரு மாதத்தின் முடிவு இருப்பு, அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பு. சி7இல் =பி3*18%. ஏப்ரலில் போட்ட பில்லுக்கான ஜிஎஸ்டியை, மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் மே 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே அது மே மாதத்தில் உட்காருகிறது. நீங்கள் வாங்கும் பொருட்களில் கட்டிய வரியைக் கழித்துக் கொள்ளலாம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இங்கே விட்டுவிட்டேன்.

டி4 செல்லில் =பி3*108% என்று கொடுங்கள். அதென்ன 108? பில்லில் 100 ரூபாயுடன் 18 ரூபாய் ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்கிறோம். வாடிக்கையாளர் கம்பெனி அந்த 100இல் 10 ரூபாயை டிடிஎஸ் என்று பிடித்துக் கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது. வேலையின் வகையைப் பொறுத்து 2 சதவீதம் பிடிப்பவர்களும் உண்டு, உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். பிடித்த பணம் எங்கும் போகாது. வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். ஆனால் இந்த மாதச் சம்பளத்துக்கு அது உதவாது. ஏப்ரல் பில்லின் பணத்தை ஏன் ஜூனில் போட்டோம் என்றால், 60 நாள் தவணை என்பது கம்பெனிகளிடையே சர்வ சாதாரணம்.

பி8, சி2, சி7, டி4 ஆகிய செல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து எம் வரை இழுத்து விடுங்கள். ஷீட் தயார்.

ஏப்ரல் முடிவில் இருப்பு 2,20,000. மே முடிவில் மைனஸ் 5,000! லாபத்தில் ஓடுகிற கம்பெனி, நான்கு லட்சம் கையில் வைத்துக் கொண்டு ஆரம்பித்த கம்பெனி, இரண்டாவது மாதக் கடைசியில் முழுச் சம்பளம் போட ஐந்தாயிரம் ரூபாய்க்குத் தவிக்கிறது. காரணம் எளிது. ஏப்ரல் மாத வேலைக்கு ஒரு ரூபாய் கூட வருவதற்கு முன்பே இரண்டு மாதச் செலவு போய்விட்டது. அதற்கு மேல், வாடிக்கையாளர் இன்னும் நமக்குத் தராத 45,000 ரூபாய் வரியை நம் கைப்பணத்திலிருந்து அரசுக்குக் கட்டியும் விட்டோம். வரியை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம் என்று சொல்லும் கூட்டாளி எல்லாக் கம்பெனியிலும் ஒருவர் இருப்பார். தாமதத்துக்கு வருடம் 18 சதவீத வட்டி, கூடவே நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

ஜூனிலிருந்து மாதம் 45,000 ஏறி, ஜூலை முடிவில் 85,000 ஆகிறது. மூச்சு விடலாம்.

இங்கேதான் நல்ல செய்தி ஒன்று வருகிறது, அதுதான் ஆபத்தானது. ஆகஸ்டு முதல் மாதம் 3,00,000 ரூபாய்க்கு ஒரு பெரிய ஆர்டர். மூன்று பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். மாதச் செலவு ஒரு லட்சம் கூடும், மூன்று லேப்டாப்புக்கு 1,50,000. எடுக்கலாமா? ஷீட்டின் கீழே உள்ள டேப்பில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி சென்று, கிரியேட் எ காப்பி என்பதை டிக் செய்து பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். பிரதியில் எஃப்3 முதல் 5,50,000 என்றும், எஃப்5 முதல் 2,80,000 என்றும் மாற்றி, எஃப்6இல் மட்டும் 1,50,000 போடுங்கள்.

ஆகஸ்டு மைனஸ் 1,20,000. செப்டம்பர் மைனஸ் 2,29,000. அக்டோபரில் மைனஸ் 14,000 வரை ஏறி, நவம்பரில்தான் 2,01,000 என்று பச்சை தெரிகிறது. காகிதத்தில் மாத லாபம் 70,000இலிருந்து 2,70,000 ஆக உயர்ந்த அதே சமயத்தில் வங்கிக் கணக்கு பாதாளத்துக்குப் போகிறது. ஆர்டர் கிடைக்காமல் மூடிய கம்பெனிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆர்டர் கிடைத்ததாலேயே மூடியவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? தேவையில்லை. முதல் மாதத் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். ஜிஎஸ்டி சேர்த்து, டிடிஎஸ் கழித்து 3,24,000 ரூபாய் ஆகஸ்டிலேயே வந்துவிடும். எஃப்4 ஃபார்முலாவின் கடைசியில் +324000 என்றும், எச்4இன் கடைசியில் -324000 என்றும் சேர்த்துப் பாருங்கள். ஆகஸ்டும் செப்டம்பரும் தப்பித்துவிடும். அக்டோபரில் அதே மைனஸ் 14,000 அப்படியே நிற்கும்! முன்பணம் பள்ளத்தை மூடவில்லை, தள்ளித்தான் வைத்தது. லேப்டாப்பை வாங்காமல் மாதம் 6,000 வாடகைக்கு எடுப்பதாக வைத்து, எஃப்6ஐ அழித்துவிட்டு எஃப்5 முதல் 2,86,000 என்று மாற்றுங்கள். அக்டோபர் முடிவில் 1,18,000 கையில் நிற்கும். இப்போது தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். எங்களுக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்தபோது, இதே மாதிரி ஷீட்டைப் பார்த்துத்தான் முன்பணம் இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டோம் என்றோம். வாடிக்கையாளர் மூன்று வாரம் இழுத்துவிட்டுச் சம்மதித்தார். அந்த மூன்று வாரமும் எங்களில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை என்பது வேறு விஷயம்.

இப்படி எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆசையில்தான் ஸ்பிரெட் ஷீட்டே பிறந்தது. டான் பிரிக்லின் ஹார்வர்டில் நிர்வாகம் படித்த காலத்தில், ஒரு எண்ணை மாற்றினால் மற்ற எண்கள் தாமாகவே மாறினால் என்ன என்று யோசித்ததன் பலன், 1979இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த விசிகால்க்.

எங்கே சிவப்பு என்பது உடனே கண்ணில் பட, எட்டாவது வரிசையைத் தேர்ந்தெடுத்து ஹோம் டேப்பில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று சென்று 0 கொடுங்கள். வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்கப் போகும்போதும் இந்த ஷீட் உதவும். செப்டம்பரில் 2,29,000 தேவை, நவம்பரில் அடைந்துவிடும் என்று மேனேஜரிடம் காட்டிப் பேசுவது, சும்மா கடன் கேட்பதை விட மேல்.

சட்டம் உதவாதா என்கிறீர்களா? உதவும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் தவணை வைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017இல் சமாதான் என்ற தளம் தொடங்கப்பட்டது. இதற்கு உத்யம் பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது, இன்றே செய்துவிடுங்கள். ஆனால் இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் மேல் புகார் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? என் அபிப்பிராயம், 45 நாள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். புகாரைக் கடைசி ஆயுதமாக வைத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஒப்பந்தத்தில் 60 நாள் என்று இருப்பதால் 60 நாளில் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இன்னொரு ஷீட்டில் வாடிக்கையாளர் பெயர், பில் தேதி, பணம் வந்த தேதி மூன்றையும் ஏ, பி, சி நெட்டு வரிசைகளில் எழுதிக் கொண்டே வாருங்கள். டி2வில் =சி2-பி2 கொடுத்துக் கீழே இழுத்தால் ஒவ்வொருவரும் உண்மையில் எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்பது தெரியும். எண்ணுக்குப் பதில் ஏதாவது தேதி வந்து நின்றால் செல் ஃபார்மேட்டை ஜெனரல் என்று மாற்றுங்கள். அந்த எண் 90ஐ ஒட்டி வந்தால், முதல் ஷீட்டில் டி4இல் இருக்கும் ஃபார்முலாவைக் கட் செய்து ஈ4இல் பேஸ்ட் செய்து, அங்கிருந்து எம் வரை மீண்டும் இழுத்து விட்டு, ஜூன் மாத முடிவு இருப்பு மைனஸ் 2,30,000 ஆவதைப் பாருங்கள்.